மார்லிஸ் வாயை மறைத்துப் பேசிய வருடங்கள்

எவலத் ஊரில் மார்லிஸ் கெட்டுனனிடம் முடி வெட்ட ஒரு தடவையாவது தலையைக் கொடுக்காத பெண்கள் குறைவு. வீட்டின் அடித்தளத்தில்தான் கடை. இரண்டு நாற்காலிகள், தலை கழுவ ஒரு தொட்டி, சுவர் நீளத்துக்கு ஒரு கண்ணாடி. இரும்புச் சுரங்கத்தில் வெடி வைக்கும்போது அந்தக் கண்ணாடி லேசாக அதிரும். அதற்காக யாரும் பேச்சை நிறுத்துவதில்லை. மார்லிஸுக்குப் பேச்சு இல்லாவிட்டால் கை ஓடாது. யார் வீட்டில் என்ன, யார் பெண் யாரோடு, எந்தக் கடையில் இறைச்சி பழசு, எல்லாம் அந்த நாற்காலிகளில் வந்து இறங்கும். அங்கிருந்து கிளம்பியும் போகும்.

அவள் கணவன் வெய்ன் நேர் எதிர். சுரங்கத்துக் கல்லை அரைக்கும் ஆலையில் வேலை. ஃபின்லாந்திலிருந்து வந்த குடும்பம். தாத்தா காலத்திலிருந்தே அந்த வீட்டில் வார்த்தைக்குப் பஞ்சம். "உன் வாய்க்கு ஞாயித்துக்கிழமையாவது லீவு குடேன்" என்பான். "குடுத்தா நீயா பேசப்போறே?" என்பாள் இவள்.

மூத்தவள் ட்ரீனா. அவளுக்கு அடுத்து ஆறு வருடம் கழித்து ஈரோ பிறந்தான். பதினான்கு மாதக் குழந்தையாக இருந்தபோது, 1990 ஜனவரியில், அவனுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி குளிர். டுலூத் ஆஸ்பத்திரியில் பதினாறு நாள். பிழைத்தான். பிழைத்ததே பெரிது என்று எல்லோரும் சொன்னார்கள். மார்லிஸும் அப்படித்தான் நினைத்தாள். வீட்டுக்கு வந்த நாலாம் நாள் மதியம், சுரங்கத்தில் வெடிக்கு முன்னால் ஊதும் சங்கு ஊதியது. அந்தச் சத்தத்துக்கு எப்போதும் வீறிட்டு அழுகிற குழந்தை, உயர நாற்காலியில் உட்கார்ந்து வாழைப்பழத்தைப் பிசைந்துகொண்டிருந்தது. மார்லிஸ் அவன் பின்னால் போய்க் கையைத் தட்டினாள். பிறகு பாத்திரத்தைத் தட்டினாள். பிறகு அவன் பெயரைச் சொல்லிக் கத்தினாள். அவன் பழத்தைப் பிசைந்துகொண்டே இருந்தான். பள்ளிவிட்டு வந்த ட்ரீனா கதவருகே புத்தகப் பையோடு நின்று எல்லாவற்றையும் பார்த்தாள்.

மினியாபொலிஸ் டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். "ரெண்டு காதும் போயிடுச்சு. சாதாரண காது மிஷின் பிரயோசனப்படாது. காக்ளியர் இம்பிளான்ட்னு ஒண்ணு இருக்கு. காதுக்குப் பின்னால எலும்பக் கொடைஞ்சு உள்ள ஒரு கம்பி வைக்கணும். சின்னப் பிள்ளைங்களுக்கு இப்பத்தான் அனுமதிச்சிருக்காங்க, ரெண்டு வயசு ஆகியிருக்கணும். ஆனா இந்தக் காய்ச்சல் வந்த காதுக்குள்ள எலும்பு வளர்ந்து அடைச்சுக்கிட்டே வரும். ரொம்ப யோசிக்க நேரம் கெடையாது."

"வேற வழி?" என்று கேட்டான் வெய்ன்.

தெற்கே காது கேளாதவர்களுக்கான பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. ஐந்து மணி நேரப் பயணம். நாலு வயதில் விடுதியில் விட வேண்டும். அங்கே பிள்ளைகள் கையால் பேசுவார்கள். மார்லிஸ் அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டு நாலாக மடித்துக் குப்பையில் போட்டாள். "நாலு வயசுப் பிள்ளைய அடுத்தவங்க கையில குடுக்கவா பெத்தேன்? அவன் என்கூடப் பேசுவான். என் வீட்டுல, என் மேஜையில உக்காந்து பேசுவான்" என்றாள். வெய்ன் தலையை ஆட்டினான். அவன் ஆட்டினால் சம்மதம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், கேட்டுக்கொண்டேன் என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டு வயது முடிந்த மாதமே அறுவை சிகிச்சை நடந்தது. வலது காது ஏற்கெனவே முழுக்க இறுகிவிட்டிருந்தது. இடது காதில் கம்பி முக்கால்வாசிதான் உள்ளே போயிற்று. தலையில் ஒட்டிக்கொள்ளும் காந்த வில்லை, அதிலிருந்து ஒரு ஒயர், ஒயரின் நுனியில் மார்பில் கட்டிக்கொள்ளும் பெட்டி. பெட்டியை வைக்க மார்லிஸ் பூப்போட்ட துணியில் பை தைத்தாள். கருவியை முதல்முதலில் இயக்கிய அன்று அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் அலறி, ஒயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு மேஜைக்கடியில் போய் ஒளிந்துகொண்டான்.

அப்புறம்தான் நிஜமான வேலை ஆரம்பித்தது. கம்பி வைத்தால் மட்டும் போதாது. அது அனுப்புகிற இரைச்சலைப் பேச்சாகப் பிரித்தறிய மூளையைப் பழக்க வேண்டும். வாரம் ஒரு முறை மினியாபொலிஸுக்குப் போக மூன்றரை மணி நேரம், வர மூன்றரை மணி நேரம். பயிற்சி கொடுத்த வெர்னா ஹாக் கண்டிப்பான பெண்மணி. "நீங்க பேசறப்ப உங்க வாய அவன் பாக்கக் கூடாது. கையால மறைச்சுக்குங்க. உதட்டப் பாத்துப் பழகிட்டான்னா காது சோம்பேறி ஆயிடும். கை ஜாடையும் கூடவே கூடாது. ஜாடையில காரியம் நடந்துட்டா வாயத் திறக்கவே மாட்டான்."

மார்லிஸ் எதையும் பாதியாகச் செய்பவள் இல்லை. அன்றிலிருந்து ஈரோவோடு பேசும்போதெல்லாம் உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டாள். சாப்பாட்டு மேஜையில், காரில், குளியல் தொட்டிப் பக்கத்தில், பனியில் பூட்ஸ் மாட்டிவிடும்போது. நாளுக்கு நாலு மணி நேரம் பயிற்சி. "இது பந்து. பந்து எங்கே? பந்தை எடு." கடைக்கு வருபவர்களோடு பேசும்போதுகூட கை தானாக மேலே போகும். "என்ன மார்லிஸ், முன்பல்லு விழுந்துடுச்சா? நாங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டோம், கைய எடுங்க" என்று மாதாகோவில் பெண்கள் கிண்டலடிப்பார்கள். அவளும் சிரிப்பாள். கடையை வாரத்தில் இரண்டு நாளாகக் குறைத்துக்கொண்டாள். ட்ரீனாவின் பள்ளி நாடகத்துக்கும் போகவில்லை, பற்கம்பி போடவும் போகவில்லை. எல்லாம் வெய்ன் அழைத்துப் போனான்.

சனிக்கிழமைகளில் மட்டும் பயிற்சி கிடையாது. அன்று சானா. கொல்லைப்புறத்து மரக்கொட்டகையில் அடுப்பு மூட்டிக் கல்லில் தண்ணீர் ஊற்றி ஆவியில் உட்காரும் வழக்கத்தை வெய்ன் ஒரு வாரமும் விட்டவனல்ல. ஆவியில் கருவி கெட்டுவிடும் என்பதால் ஈரோவுக்கு அதைக் கழற்றிவிடுவார்கள். வெய்ன், ட்ரீனா, ஈரோ மூவரும் உள்ளே போவார்கள். மார்லிஸ் நார்வே வம்சத்தில் வந்தவள். அந்தச் சூடு அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தால் கொட்டகையின் சின்னக் கண்ணாடிச் சதுரத்துக்குள் கைகள் அசைவது தெரியும். தண்ணீர் ஊற்றுகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வாள்.

ஈரோவுக்கு நாலு வயது நடந்துகொண்டிருந்தது. ஒரு நாள் சாயங்காலச் சாப்பாட்டில் அவன் மேஜைக்கு மேலே கையை நீட்டி, மடியைக் கறப்பது போல முஷ்டியை இறுக்கித் திறந்தான். மார்லிஸுக்கு முதலில் விளங்கவில்லை. ட்ரீனா பால் குவளையை எடுத்து அவன் பக்கம் நகர்த்தினாள்.

"அது என்ன?" என்றாள் மார்லிஸ்.

"பால் கேக்கறான்."

"அத யாரு சொல்லிக்குடுத்தா?"

ட்ரீனாவுக்குப் பத்து வயது. பள்ளி நூலகத்திலிருந்து கைமொழிப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்து மெத்தைக்கடியில் வைத்திருந்தாள். பால், நாய், இன்னும் வேண்டும், வலிக்கிறது, வா விளையாடலாம். தம்பிக்கு முப்பது வார்த்தை வந்துவிட்டது என்று பெருமையாகத்தான் சொன்னாள்.

மார்லிஸ் குவளையை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். ஈரோவின் இரண்டு கைகளையும் பிடித்து மேஜைமேல் அழுத்தினாள். பிறகு ஒரு கையால் அவன் கைகள் இரண்டையும் சேர்த்துப் பிடித்து, இன்னொரு கையால் தன் வாயை மறைத்துக்கொண்டு, "பால். வாயால கேளு. பால்" என்றாள்.

அவன் அழுதான். விக்கினான். கைகளை உருவப் பார்த்தான். "குடுத்துடும்மா, ப்ளீஸ்மா" என்று ட்ரீனா அழுதாள். "மார்லிஸ், போதும்" என்றான் வெய்ன். அவள் யாரையும் பார்க்கவில்லை. இறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சுட்ட ஹாட்டிஷ் தட்டுகளில் ஆறி இறுகிப் போயிற்று. முக்கால் மணி நேரம் கழித்து, மூக்கு ஒழுக, "பா" என்றது பிள்ளை. "பா… பா."

மார்லிஸ் அவனை வாரி அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். குவளையை அவன் வாயில் வைத்தாள். தன் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷம் வேறு எதிலும் கண்டதில்லை என்று பின்னாளில் பல தாய்மார்களிடம் சொல்லியிருக்கிறாள். ட்ரீனா எழுந்து மாடிக்குப் போய்விட்டாள். மறுநாள் அந்தப் புத்தகம் நூலகத்துக்குத் திரும்பியது.

ஈரோ பேசினான். ஏழு வயதில் வாக்கியமாகப் பேசினான். பன்னிரண்டு வயதில் வட்டாரச் செய்தித்தாளில் அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து நிற்கும் படம் வந்தது. டுலூத்திலும் பெமிட்ஜியிலும் மாதாகோவில் கூடங்களில் காது கேளாத குழந்தைகளின் தாய்மார்களுக்கு மார்லிஸ் பேசப் போவாள். "ஜாடைய வீட்டுக்குள்ள விடாதீங்க. பிள்ளை அழும். அழட்டும். ஒரு நாள் உங்களுக்கு நன்றி சொல்லுவான்." அவன் தலைமுடியை வேறு யாரும் தொட அவள் விட்டதில்லை. காந்த வில்லை வெளியே தெரியாதபடி காதுக்கு மேலே அடர்த்தியாக விட்டு அவளே வெட்டுவாள். முன்பின் தெரியாத யாராவது, "உங்க பையனுக்கு அப்படியொண்ணு இருக்கறதே தெரியலியே" என்றால் அன்று முழுக்க அவளுக்குத் தரையில் கால் பாவாது.

தெரியாமல் இருந்தது அவளுக்கும்தான். எவலத் ஐஸ் ஹாக்கி ஊர். நடக்கத் தெரிந்த பிள்ளையெல்லாம் மட்டையோடு திரியும். தலையில் அடிபடக் கூடாது என்பதால் ஈரோ ஆடவில்லை. மைதானத்தில் மற்றவர்களின் ஸ்கேட்டுகளைத் தீட்டிக்கொடுத்தான். ஒருவரோடு ஒருவராக, அமைதியான அறையில் அவனுக்குப் பேச்சு புரியும். நாலு பேர் கூடினால் எல்லாம் ஒரே இரைச்சல். நன்றிநாள் விருந்தில் எல்லோரும் சிரிக்கும்போது அவனும் சிரிப்பான், ஒரு நொடி தாமதமாக. "என்ன சொன்னாங்க?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்பான். "ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்" என்பார்கள். அப்புறம் யாரும் சொன்னதில்லை. கேட்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டான். "நம்ம ஈரோ அப்பன மாதிரி, அமைதியான பையன்" என்றாள் மார்லிஸ்.

பள்ளி முடித்து, சுரங்க லாரிகளுக்கு உதிரிபாகம் விற்கும் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தான். இருபத்தாறு வயதில், ஒரு வசந்த காலத்தில், தலைக்குள் சோளப்பொரி பொரிவது போலச் சத்தம் வர ஆரம்பித்தது. மூன்று வாரம் விட்டுவிட்டு வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, அலமாரியில் வடிகட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது எல்லாம் நின்றுபோயிற்று. உள்ளே இருக்கும் கருவிக்கு வயதாகிவிட்டது என்றார்கள் டாக்டர்கள். எடுத்துவிட்டுப் புதிதாக வைக்கலாம். ஆனால் எலும்பு இன்னும் வளர்ந்திருக்கும். பழைய மாதிரி கேட்கும் என்று உறுதி சொல்ல முடியாது. எல்லாம் கூடிவர ஐந்து மாதம் ஆகும்.

அந்த ஐந்து மாதத்தில் ட்ரீனா அவனை டுலூத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கே அவள் நர்ஸாக இருந்தாள். சனிக்கிழமைகளில் ஒரு பௌலிங் கூடத்தில் காது கேளாதவர்கள் கூடுவார்கள். முதல் வாரம் ஈரோ கோட்டைக்கூடக் கழற்றாமல் சுவரோரம் நின்றான். நாலாவது வாரம் யாரோ ஒருவர் கையால் ஒரு நகைச்சுவை சொல்ல, எல்லோரும் சிரித்த அதே நொடியில் தானும் சிரித்தான். இதை ட்ரீனா அம்மாவிடம் பல வருடம் கழித்துத்தான் சொன்னாள்.

ஆகஸ்டில் ஒரு காலை, சமையலறை மேஜையில் அவன் சொன்னான். அவன் குரல் எப்போதுமே கொஞ்சம் தட்டையாக இருக்கும். தன் காதுக்கே கேட்காததால் இப்போது உரத்தும் இருந்தது. "அம்மா, எனக்கு ஆபரேஷன் வேணாம். நான் இப்படியே இருந்துக்கறேன்."

மார்லிஸ் பேசினாள். நிறையப் பேசினாள். அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "புரியல" என்றான். மெதுவாகச் சொன்னாள். "புரியலம்மா." ஒவ்வொரு சொல்லாக, வாயை அகலத் திறந்து சொன்னாள். அவன் இல்லை என்று தலையை அசைத்தான்.

"அம்மா சொல்றதக் கொஞ்சம் யோசிடா" என்று வெய்ன் முணுமுணுத்தான்.

"யோசிச்சுட்டேம்ப்பா" என்றான் ஈரோ உடனே.

மார்லிஸ் திகைத்தாள். "அவர் வாய்க்குள்ளயே முனகறது புரியுது, நான் கத்தறது புரியலையா?" அவள் முகம் போன போக்கைப் பார்த்தே அவனுக்குக் கேள்வி விளங்கிவிட்டது.

"அப்பா வாய் எனக்குத் தெரியும். ட்ரீனா வாயும் தெரியும். உன் வாய்தாம்மா தெரியாது. நீ காட்டினதே இல்ல."

கோபமாகச் சொல்லவில்லை. தெரிந்த விஷயத்தைச் சொல்வது போலச் சொன்னான். மார்லிஸின் கை மேலே பாதிவரை போய், அங்கேயே நின்றது.

அன்று மதியம் அவள் வெய்னிடம் கெஞ்சினாள். கல்யாணமாகி முப்பத்து மூன்று வருடத்தில் அப்படிக் கெஞ்சியதில்லை. "நீ ஒரு வார்த்தை சொன்னா கேப்பான். இத்தன வருஷம் நான் பட்டதெல்லாம் ஒண்ணுமில்லன்னு ஆயிடும் வெய்ன். ஒரே ஒரு தடவ அவன்கிட்டக் கேளு." சனிக்கிழமை வெய்னும் ஈரோவும் சானாவுக்குள் போனார்கள். வழக்கத்தைவிட அதிக நேரம் ஆயிற்று. வெளியே வந்தபோது இருவர் கண்ணும் சிவந்திருந்தது, ஆவியாகவும் இருக்கலாம். "பண்ணிக்கறானாம்" என்றான் வெய்ன். உள்ளே என்ன பேசினார்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்க பயமாக இருந்தது.

அறுவை சிகிச்சை சரியாக அமையவில்லை. யார்மேலும் குற்றமில்லை, எலும்பு கல்லாக இறுகிக் கிடந்தது, கம்பி பாதிகூடப் போகவில்லை. புதுக் கருவி அனுப்பியது வெறும் ரீங்காரம். சத்தம் கொஞ்சம் கூடினால் முக நரம்பில் பட்டு அவனுடைய இடது கண் துடிக்கும். மார்லிஸ் மனம் தளரவில்லை. மீண்டும் சமையலறை மேஜை, மீண்டும் வாய்க்கு முன்னால் கை. எதிரே இருபத்தேழு வயது ஆண்பிள்ளை, தாடியோடு. "விமானம்." "…பனிமனுஷன்?" "இல்ல. விமானம்." பத்துக்கு மூன்று வந்தது. சில நாள் இரண்டு. அடுத்த வருட இலையுதிர் காலத்தில் ஈரோ செயின்ட் பால் நகரத்துக்குப் போய்த் தபால் பிரிக்கும் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தான். அங்கே காது கேளாதவர்கள் நிறையப் பேர்.

ஆனால் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் கருவியை மாட்டிக்கொண்டுதான் வந்தான். நன்றிநாளுக்கு, கோடைத் திருவிழாவுக்கு, மான் வேட்டைக்கு. மார்லிஸ் பேசுவாள், அவன் தலையாட்டுவான், "சரிம்மா" என்பான், "அப்படியா" என்பான். "முன்னவிட இப்ப எவ்வளவோ தேவல. கொஞ்சம் கொஞ்சமாப் பிடிபடுது" என்று கடைக்கு வருபவர்களிடம் அவள் சொன்னாள்.

2018 நவம்பர். மான் வேட்டைப் பருவத்தின் முதல் ஞாயிறு, மதியம். ஈரோ அடித்தளத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். மார்லிஸ் அவன் கழுத்தில் துணியைக் கட்டிவிட்டுப் பின்பக்கம் வெட்ட ஆரம்பித்தாள். அவன் தலையைக் குனிந்து மடியில் இருந்த வேட்டைப் பத்திரிகையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பனியைப் பற்றிப் பேசினாள், பக்கத்து வீட்டு விவாகரத்தைப் பற்றிப் பேசினாள். பிறகு மாடியில் படுத்திருக்கும் வெய்னுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா. ட்ரீனாகிட்டகூட இன்னும் சொல்லல. அப்பாவுக்கு மூச்சு வாங்குதுன்னு டெஸ்ட் எடுத்தமில்ல? நுரையீரலச் சுத்தி புத்துநோயாம். ஆலைத் தூசினால வர்றதாம். ஒரு வருஷம் கூடக் கஷ்டம்னு சொல்றாங்க. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியலடா, ஈரோ."

கழுத்துப் பக்கத்தில் கத்தரி நின்றதை அவன் உணர்ந்திருக்க வேண்டும். தலையை ஆட்டினான்.

"நல்லதும்மா" என்றான். "ரொம்ப நல்லது."

மார்லிஸ் கத்தரியைத் தட்டில் வைத்தாள். காதோர முடியை வெட்டும்போது எப்போதும் செய்வது போல, அவன் காதுமேலிருந்து கருவியை மெல்ல எடுத்தாள். இருபத்தைந்து வருடம் அந்த வகைச் சாமான்களைக் கையாண்ட கை. எடை குறைவாக இருப்பது உடனே தெரிந்தது. அடிப்பக்கத்து மூடியை நகத்தால் நெம்பினாள். மூன்று பட்டன் பேட்டரிகள் இருக்க வேண்டிய மூன்று வட்டக் குழிகளும் காலியாக இருந்தன.

நிமிர்ந்தபோது கண்ணாடியில் அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் காலிக் கருவியைத் தூக்கிக் காட்டினாள்.

"ரெண்டு வருஷமா" என்றான் ஈரோ. "அதப் போட்டா கண்ணு துடிக்குது. தலைவலி மூணு நாள் நிக்காது."

அவள் உதடு அசைந்தது. பிறகு ஏன் மாட்டிக்கொண்டு வந்தாய் என்றுதான் கேட்டிருப்பாள்.

"நீ பேசறப்ப உன் மொகம் நல்லா இருக்கும்மா. அதனாலதான்."

மார்லிஸ் சுழல் நாற்காலியைத் திருப்பி அவனை நேருக்கு நேர் பார்த்து, வாயை மறைக்காமல் வெய்னைப் பற்றிச் சொல்லிப்பார்த்தாள். அவன் கண் அவள் உதட்டிலேயே ஊர்ந்தது. பிடிபடவில்லை. வாடிக்கையாளர் பெயர் எழுதும் நோட்டை எடுத்துப் பென்சிலால் எழுதினாள். செவ்வாய் பத்து மணி என்று யார் பெயரோ எழுதியிருந்த வரிக்குக் கீழே, அப்பாவுக்குப் புற்றுநோய் என்று எழுதினாள். அவன் படித்தான். கழுத்துத் துணியோடு, பாதி வெட்டிய தலையோடு, இரண்டிரண்டு படியாக மாடிக்கு ஓடினான்.

வெய்ன் அடுத்த ஏப்ரல்வரை இருந்தான். பிப்ரவரியிலிருந்து ஈரோ வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வீட்டிலேயே தங்கினான். மூச்சு இழுப்பதால் வெய்னுக்குப் பேசுவது பெரும்பாடாயிற்று. அப்பாவும் பிள்ளையும் கையால் பேசிக்கொண்டார்கள். வெய்னுக்கு எங்கிருந்து அவ்வளவு வந்தது என்று மார்லிஸுக்கு விளங்கவில்லை. பாதி சானாவில் அவர்களாக உண்டாக்கிக்கொண்டது, பாதி ட்ரீனா சொல்லிக்கொடுத்தது. சூப்புக் கிண்ணத்தோடு அவள் உள்ளே வரும்போது இருவரும் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து வெய்ன் அவ்வளவு பேசி அவள் பார்த்ததில்லை.

"என்ன சொல்றான்?" என்பாள்.

"ஒண்ணுமில்ல" என்பான் வெய்ன், மூச்சுக்கு நடுவே. "அப்புறம் சொல்றேன்."

அவள் கிண்ணத்தை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நிற்பாள்.

அடக்கத்தன்று, போதகரின் பேச்சைக் கையால் சொல்ல ட்ரீனா ஒரு பெண்மணியை வரவழைத்திருந்தாள். செயின்ட் பாலிலிருந்து ஈரோவின் நண்பர்கள் ஆறு பேர் வந்திருந்தார்கள். மாதாகோவிலின் அடித்தளத்தில் ஹாம் ரொட்டியும் காபியும் பரிமாறியபோது அவர்கள் மேஜையில்தான் கலகலப்பு இருந்தது. யாரோ வெய்னைப் பற்றி ஏதோ சொல்ல, எல்லோரும் அழுதுகொண்டே சிரித்தார்கள். ஈரோ நடுவில் இருந்தான். அடுத்த மேஜையில் மார்லிஸ் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த பெண்கள் அவளோடு பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

காரில் திரும்பும்போது ட்ரீனாவிடம் கேட்டாள். "அன்னிக்கு, அந்தப் பால் குவளை… நான் செஞ்சது தப்பாடி?"

ட்ரீனா வண்டியின் வேகத்தைக் குறைத்தாள். "எனக்கு அப்ப பத்து வயசும்மா. நான் என்னத்தச் சொல்றது?" பிறகு, "அவனுக்குப் பேச வந்துச்சு. அத இல்லங்கல" என்றாள்.

செப்டம்பரில் மார்லிஸ் டுலூத்தில் கைமொழி வகுப்பில் சேர்ந்தாள். வியாழக்கிழமை மதியம், போக ஒரு மணி, வர ஒரு மணி. ஆசிரியை காது கேளாத இளம்பெண். வகுப்பில் குரலுக்கு அனுமதி இல்லை. ஒன்றரை மணி நேரம் வாயைத் திறக்காமல் இருப்பது மார்லிஸுக்கு முதல் மாதம் மூச்சு முட்டியது. நாற்பத்தைந்து வருடம் கத்தரி பிடித்ததில் வலது கட்டைவிரல் பாதிதான் மடங்கியது. மற்ற மாணவர்களெல்லாம் கல்லூரிப் பிள்ளைகள். அவர்கள் ஒரு வாரத்தில் பிடித்ததை இவளுக்கு இரண்டு மாதத்திலும் பிடிக்க முடியவில்லை. வாக்கியம் போட்டால் வார்த்தைகள் முன்பின்னாகப் போகும். ஆனாலும் ஒரு வகுப்பையும் விடவில்லை. வீட்டில் கண்ணாடி முன் நின்று பழகினாள்.

அடுத்த வருடம் பிப்ரவரியில், பனி கொஞ்சம் விட்டிருந்த ஒரு சனிக்கிழமை, தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு செயின்ட் பாலுக்குப் போனாள். ஈரோ இரண்டு அறை வீட்டில் இருந்தான். தலையை வேறு எங்கோ ஒட்ட வெட்டியிருந்தான். அறுவைத் தழும்பு நன்றாகத் தெரிந்தது. கருவி எங்கும் கண்ணில் படவில்லை. இப்போதெல்லாம் அவன் குரலையும் பயன்படுத்துவதில்லை என்று ட்ரீனா எச்சரித்திருந்தாள். அவன் அம்மாவைக் கட்டிக்கொண்டான், கோட்டை வாங்கி மாட்டினான், காபி போட்டுக் கொடுத்தான். ஜன்னலோர மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்துவந்த கேள்வியை மார்லிஸ் கையால் கேட்டாள். நீ. கோபம். என்மேல். இன்னும்?

ஈரோ கோப்பையைத் தள்ளி வைத்தான். பிறகு பதில் சொல்ல ஆரம்பித்தான். முதலில் மெதுவாக, அவளுக்காக ஒவ்வொன்றாக. போகப்போக அவனை அறியாமல் வேகம் கூடியது. கைகள் மார்பில் பட்டன, காற்றில் விரிந்தன, நெற்றிக்குப் போயின. முகம் சுருங்கியது, தளர்ந்தது, ஒரு இடத்தில் சிரித்தது போலவும் இருந்தது. மார்லிஸ் கண்ணிமைக்காமல் பார்த்தாள். வீடு என்பது பிடிபட்டது. சின்ன என்பது பிடிபட்டது. அப்பா, நீ, நீ, மறுபடி நீ. நடுவில் இருந்ததெல்லாம் ஓடிவிட்டது. ஏழெட்டு நிமிடம் பேசியிருப்பான்.

முடித்துவிட்டு, புரிந்ததா என்று புருவத்தை உயர்த்தினான். மேஜையிலேயே ஒரு நோட்டும் பேனாவும் கிடந்தன. எழுது என்று அவள் கேட்டிருக்கலாம். குரலால் சொல் என்றும் கேட்டிருக்கலாம், அவனால் முடியும். மார்லிஸ் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

அவன் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்து, அவளுக்கு முட்டை பொரிக்க ஆரம்பித்தான்.